வீதியே ஓவியக்கூடம்

நுழையும்முன்

ஓவியம் தீட்டுவோர் பலர். தீட்டியதைக் காட்சிக்கு வைக்கக் கூடம் பெறுவோர் சிலர். வாடகை கொடுத்துக் கூடம் அமர்த்த இயலாத இளங்கலைஞர்களுக்கு வீதி இடமளிக்கிறது. ஆயினும், வீதிக்குச் சுவரில்லை, கூரையில்லை, காற்றும் வெயிலும் உண்டு. அங்கே குறைந்த செலவில் உறுதியான காட்சி அரங்கு ஒன்றை அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சித்திரச் சந்தை

பெங்களூரு நகரின் குமார கிருபா சாலை, நாள்தோறும் ஊர்திகள் விரையும் சாலை. சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே ஊர்திகள் விலகுகின்றன. இரு மருங்கிலும் ஓவியங்கள் அணிவகுக்கின்றன. கர்நாடக சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையின் காட்சி அது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் கலைஞர்கள் அங்குக் கூடுகின்றனர். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கோட்டோவியமும் பல்லாயிரம் பெறும் தஞ்சாவூர் ஓவியமும் ஒரே வீதியில் இடம்பெறுகின்றன. காய்கறி வாங்கும் இயல்போடு மக்கள் ஓவியத்தை அணுகுவதே இச்சந்தையின் சிறப்பு.

அங்கு ஒரு கலைஞருக்குக் கிடைப்பது சாலையோரத்தில் சிறிது இடமே. ஓராண்டு உழைப்பை ஒரு பகல் பொழுதில் மக்கள்முன் வைத்தாக வேண்டும். அரங்கு சரிந்தால் படங்கள் பாழாகும்; அருகில் நிற்போருக்கும் ஊறு நேரும். எனவே, அரங்கமைப்பில் அழகைவிட உறுதியே முதலில் கருதத்தக்கது.

காற்றை எதிர்கொள்ளல்

திறந்தவெளி அரங்கின் முதற்பகை காற்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். துணியோ பலகையோ கொண்டு முழுவதும் மூடிய தட்டி, பாய்மரம் போலக் காற்றை ஏந்திச் சாயும். கம்பிவலை பொருத்திய தட்டியிலோ, படங்களுக்கு இடைப்பட்ட வெளியில் காற்று ஊடுருவிச் செல்லும். வலையின் கண்களில் கொக்கியிட்டுப் படங்களை விரும்பிய இடத்தில் தொங்கவிடலாம், ஆணியடிக்கும் வேலையில்லை.

ஆறடி உயரமும் நான்கடி அகலமும் உடைய மூங்கில் சட்டங்கள் இரண்டு போதும். நாற்கோணச் சட்டம் எளிதில் கோணிக்கொள்ளும்; குறுக்கே மூலைவிட்டமாக ஒரு கழியைக் கட்டினால் அது இரு முக்கோணங்களாகி அசையாது நிற்கும். இரு சட்டங்களின் மேல்முனைகளையும் ஒன்றாகப் பிணைத்துக் கால்களை மூன்றடி அகற்றி வைத்தால், பக்கவாட்டுத் தோற்றமும் முக்கோணமாகும். கால்கள் மேலும் விலகாதிருக்க அடியில் கயிற்றால் இணைத்தல் வேண்டும்.

தார்ச்சாலையில் குழி தோண்டிக் கம்பு நட இயலாது. அதற்கு ஈடாக, நான்கு கால்களிலும் மணல் மூட்டைகளைக் கட்டலாம். இருபது லிட்டர் நீர் நிரம்பிய கலம் இருபது கிலோ எடையுடையது. வெறுங்கலத்தைக் கொண்டுசென்று அங்கே நீர் நிரப்பினால் சுமைகூலியும் மிஞ்சும். கனமான படங்களைக் கீழ்வரிசையிலும் இலேசானவற்றை மேல்வரிசையிலும் மாட்டுதல் நன்று.

நிழலும் நிறமும்

நேர்வெயில் நீர்வண்ண ஓவியங்களின் நிறத்தை நாளடைவில் மங்கச் செய்யும். நிழலுக்காகச் சிவப்பு அல்லது நீலநிற விரிப்பைக் கட்டினால் அந்நிறம் படங்களின்மீது படிந்து, ஓவியரின் வண்ணத்தையே திரித்துக் காட்டும். வெள்ளைப் பருத்தித் துணியே ஏற்றது. காற்று வலுக்கும்போது விரைந்து கழற்றும் வகையில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் அதனைக் கட்ட வேண்டும்.

சனவரியில் கதிரவன் தென்வானில் இயங்குவதால், வடக்கு நோக்கிய பக்கம் நிழலாக இருக்கும். இடம் வாய்ப்பின் நீர்வண்ணப் படங்களை அப்பக்கத்தில் வைக்கலாம். சாய்ந்த தட்டியில் மாட்டிய கண்ணாடிப் படம் வானொளியை எதிரொளித்துப் பார்ப்பவர் கண்ணைக் கூசச்செய்யும். அதன் மேல்விளிம்பின் பின்னால் சிறு மரத்துண்டைச் செருகினால் படம் நிமிரும், கூச்சமும் குறையும்.

பார்வை மட்டம்

முதன்மையான படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் அமைவது பொதுவழக்கு. நின்று காண்போரின் கண்மட்டம் அதுவே. இருக்கும் படங்களையெல்லாம் நெருக்கி மாட்டினால் எதுவும் கண்ணில் நிலைக்காது. படத்துக்குப் படம் ஒரு சாண் இடைவெளி விடுதல் தகும். தலைப்பு, வரைந்த முறை, அளவு, விலை ஆகியவற்றைச் சிற்றட்டையில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். விலை கேட்கத் தயங்கியே விலகிச் செல்வோர் பலர்.

தெரிந்து தெளிவோம்

1930களில் பொருளாதாரப் பெருமந்தத்தால் வாடிய நியூயார்க் நகர ஓவியர்கள், வாஷிங்டன் சதுக்கத்தின் நடைபாதைகளில் தம் படைப்புகளை விற்பனைக்கு வைத்தனர். அக்கண்காட்சி பின்னர் ஆண்டுதோறும் நிகழும் மரபாயிற்று.

சிக்கனமும் கருமித்தனமும்

அரங்குச் செலவு மூவாயிரம் ரூபாய் எனக் கொள்வோம். ஒரே சந்தையோடு எறிந்துவிட்டால் அது முழுச் செலவு. ஆறு சந்தைகளுக்குப் பயன்படுத்தினால் ஒரு சந்தைக்கு ஐந்நூறு ரூபாயே. இருபது படங்கள் வைப்பின் ஒரு படத்தின்மீது ஏறும் சுமை இருபத்தைந்து ரூபாய். ஆகவே, பிரித்துக் கட்டத்தக்க பொருள்களை வாங்குவதும், நண்பர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்வதும் சிக்கனம். கயிற்றிலும் எடையிலும் குறை வைப்பது கருமித்தனம். அது காற்றடிக்கும் நேரத்தில் தன் விலையை வாங்கிக்கொள்ளும். சந்தைக்கு முன்பே வீட்டு முற்றத்தில் அரங்கை ஒருமுறை கட்டிப் பார்த்தால் குறைகள் தெரிந்துவிடும்.

திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கண்டோர், 'இவர் யார்?' என வினவியதையும் அறிந்தோர் விளக்கியதையும் பரிபாடல் காட்டுகிறது. ஓவியமும் உரையாடலும் அன்றே இணைந்திருந்தன. வீதியில் நிற்கும் மூங்கில் தட்டியும் அத்தகைய உரையாடலுக்கே இடமளிக்கிறது. வந்தவர் நின்று படத்தைக் காணவும், 'இது என்ன?' எனக் கேட்கவும், வரைந்தவரே விடைகூறவும் வாய்க்குமானால் அரங்கு தன் பணியைச் செய்ததாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மாணவர் ஓவியங்களைத் திறந்தவெளியில் வைக்க ஓர் அரங்கு வரைபடமும் செலவுப் பட்டியலும் உருவாக்குக.
2. உங்கள் ஊர்ச் சந்தையில் கடைகள் காற்றையும் வெயிலையும் எவ்வாறு சமாளிக்கின்றன எனக் கண்டறிந்து வகுப்பில் பேசுக.

மதிப்பீடு

குறுவினா: நிழலுக்கு வெள்ளைத் துணியே ஏற்றது – ஏன்?
நெடுவினா: 'அரங்கமைப்பில் அழகைவிட உறுதியே முதலில் கருதத்தக்கது' – பாடத்தின்வழி நிறுவுக.