மூட்டை கட்டிய கோப்புகளும் அவற்றை அவிழ்க்கும் கருவிகளும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

இன்று நாம் ஒரு படத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் நொடியில் போய்ச் சேருகிறது. அது எப்படிச் சேருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை, சென்ற கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிளாப்பிப் பெட்டி கீழே இறங்கும் வரை.

என் மாமா 1991 முதல் 1993 வரை அமெரிக்காவில் படித்தவர். கல்லூரியில் இருந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியில் கடிதம் எழுதி, அச்செடுத்து, தபாலில் வீட்டுக்கு அனுப்புவாராம். அந்தக் கணிப்பொறியில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கிலத்திலேயே எழுதுவார். இரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா அவற்றைப் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லுவார். அந்தக் கடிதங்களை எல்லாம் கறையான் தின்றுவிட்டது. தாத்தாவும் இப்போது இல்லை. ஊர் திரும்பும்போது மாமா ஒரு பிளாப்பியில் எடுத்து வந்த பிரதி மட்டுமே மிச்சம்.

பிளாப்பியைப் படிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினோம். முப்பது ஆண்டு ஆகியும் அது படித்தது! ஆனால் கோப்பைத் திறந்தால், முதல் வரியில் ‘இந்தக் கோப்பை பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம். அதற்குக் கீழே பக்கம் பக்கமாகப் பொருளற்ற எழுத்துகள். மாமாவே இதை எப்படி அவிழ்ப்பது என்று மறந்துபோயிருந்தார். அந்தக் கருவியைத் தேடப்போய் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

தோழியரே, இதில் இரண்டு வெவ்வேறு வேலைகள் உண்டு. ஒன்று கோப்பைச் சுருக்குவது. மற்றொன்று அதற்கு எழுத்து வேடம் போடுவது. இரண்டும் ஒன்றே என்று நினைத்ததால்தான் நான் இரண்டு நாள் வீணாக அலைந்தேன்.

சுருக்குவதை முதலில் பார்ப்போம். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை முழுவதும் அச்சிடுவதில்லை; ‘பல்லவி’ என்று ஒரு சொல் மட்டும் போடுவார்கள். பாடுகிறவர் மேலே பார்த்துக்கொள்வார். முன்னர் வந்ததே மீண்டும் வந்தால், ‘இத்தனை எழுத்துக்கு முன்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறிக்கும் இம்முறையை 1977-இல் லெம்பல், ஸிவ் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்டனர். அதற்கு முன்பே 1952-இல் ஹஃப்மன் என்பவர், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டைக் குறியும் அரிதாக வரும் எழுத்துக்கு நெட்டைக் குறியும் தரும் முறையை வெளியிட்டிருந்தார். அதை அவர் கண்டது மாணவராக இருந்தபோது, வகுப்புக்காகச் செய்த ஒரு வேலையில் என்பது நமக்குப் பெருமை தருவது.

சுருக்க வேண்டிய தேவை என்ன? அக்காலத்தில் கோப்புகள் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் மூலம் சென்றன. 2400 பிட் மோடம் நொடிக்குச் சுமார் 240 எழுத்துகளையே அனுப்பும். 360 கிலோபைட் பிளாப்பி ஒன்றை நிரப்ப ஏறக்குறைய 26 நிமிடம் ஆகும். (இந்தக் கணக்கை நானே போட்டேன், கணித ஆசிரியை சரிபார்த்தார்.) பாதியாகச் சுருக்கினால் தொலைபேசிக் கட்டணமும் பாதியாகும்.

ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளுக்கு 1985-இல் ‘ஆர்க்’ என்ற கருவி வந்தது. பின்னர் ஃபில் காட்ஸ் என்பவர் அதைவிட வேகமான ஒன்றை எழுத, வழக்கு வந்தது. அவர் வேறு வடிவம் ஒன்றை அமைத்து 1989-இல் ‘பிகேஜிப்’பை வெளியிட்டார், அதன் அமைப்பை எல்லாரும் பயன்படுத்தும்படி எழுதியும் வைத்தார். ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகளான ‘பி’, ‘கே’ அவருடைய பெயரின் எழுத்துகளே. அவர் 2000-இல் தம் 37-ஆம் வயதில் இறந்தார். நாம் இன்று தட்டச்சு செய்யும் வேர்டு கோப்பும் உள்ளே ஒரு ஜிப் மூட்டைதான். அதன் தொடக்கத்திலும் அதே இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. மெக்கின்டாஷுக்கு ‘ஸ்டஃப்இட்’ என்ற கருவியை 1987-இல் எழுதியவர் ரேமண்ட் லாவ். அப்போது அவர் நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளி மாணவர்!

இனி எழுத்து வேடம். அன்றைய மின்னஞ்சல் வழிகள் பல, சாதாரண ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சிதையாமல் கொண்டு சேர்த்தன. நிரல், படம் போன்றவற்றில் உள்ள மற்ற குறிகள் வழியில் கெட்டுப்போகும். ஆகவே கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டையும், அதாவது 24 பிட்டை, ஆறு ஆறாகப் பிரித்து நான்கு எழுத்துகளாக எழுதினார்கள். ஆறு பிட்டில் 64 வகை வரும். 64 எழுத்துகள் போதும். யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கு இதைச் செய்யும் ‘யுயுஎன்கோடு’ 1980-இல் மேரி ஆன் ஹார்ட்டனால் எழுதப்பட்டது. மெக்கின்டாஷுக்கு பின்ஹெக்ஸ் 4.0, 1985-இல் வந்தது. மூன்று நான்காவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். எனவேதான் முதலில் சுருக்கி, பிறகு வேடம் போட்டார்கள். அவிழ்க்கும்போது முதலில் வேடத்தைக் கலைக்க வேண்டும். நான் நேராகச் சுருக்கத்தை அவிழ்க்க முயன்றால் எப்படி நடக்கும்?

மெக்கின்டாஷ் கோப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தரவு, வளம் என்று இரு கிளைகளாக இருக்கும். சாதாரண ஐபிஎம் வகைப் பிளாப்பியில் அப்படியே போட்டால் ஒரு கிளை உதிர்ந்துவிடும். பின்ஹெக்ஸ் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. மாமா மறந்துபோன அந்த அழகற்ற மூட்டைதான் இத்தனை காலம் கடிதங்களைக் காத்தது.

கருவியைத் தேடுவது அன்றைக்கும் எளிதாக இல்லை. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ‘இன்ஃபோ-மேக்’, நியூ மெக்ஸிகோவில் 1993 வரை இயங்கிய ‘சிம்டெல்-20’ போன்ற களஞ்சியங்களிலிருந்து எடுக்கலாம். ஆனால் அவிழ்க்கும் கருவியே மூட்டைக்குள் இருந்தால்? பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகவே தன்னைத் தானே அவிழ்த்துக்கொள்ளும் கோப்புகள் உண்டாயின. பிகேஜிப் அப்படித்தான் வந்தது. இல்லையெனில் கருவி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிளாப்பியை நீட்ட வேண்டியதுதான்.

எங்களுக்கு மாமாவின் அலுவலக நண்பர் ஒருவர் ‘தி அன்ஆர்க்கைவர்’ என்ற இலவசக் கருவியைச் சொன்னார். பின்ஹெக்ஸ், ஸ்டஃப்இட் இரண்டும் அதற்குத் தெரியும். முதல் முறை, கோப்பு பழுது என்றது. நான் கோப்பைத் திறந்து பார்த்தபோது என் தம்பி விசைப்பலகையைத் தட்டி ஓர் எழுத்தை அழித்திருக்கிறான். அதை அப்படியே சேமித்தும் விட்டான். ஓர் எழுத்து போனால் அதற்குப் பின் உள்ள எல்லாப் பிட்டுகளும் இடம் மாறிவிடும். அது தெரியாமல் போகாதிருக்க பின்ஹெக்ஸ் கோப்பினுள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது. நல்லவேளையாக நாங்கள் திறந்தது பிரதியை. பிளாப்பியிலிருந்து மறுபடி எடுத்தோம். இம்முறை பதினான்கு கடிதங்கள் வந்தன. அவை மேக்ரைட் என்ற பழைய நிரலில் எழுதியவை. லிப்ரெஆபீஸ் அவற்றைத் திறந்து காட்டியது.

அன்று மாலை நான் படித்துத் தமிழில் சொல்ல, பாட்டி தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆறாவது கடிதத்தில், காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்ததையும், அறையில் உடன் தங்கியிருந்தவர் கஞ்சி வைத்துக் கொடுத்ததையும் மாமா எழுதியிருந்தார். பாட்டி என்னை நிறுத்தச் சொன்னார்கள். “இந்தக் காகிதத்தை உன் தாத்தா எனக்கு வாசிக்கவே இல்லையே” என்றார்கள்.