முதுமை: மூன்று நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை 1: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் முதுமையைத் தள்ளிப்போடும்.

உண்மை: உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும்போது தோன்றி, அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களே முதுமைக்குக் காரணம் என்ற கோட்பாட்டை அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார், அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களை மாத்திரையாக உட்கொண்டால் ஆயுள் நீளும் என்ற எண்ணம் அதையொட்டியே வலுப்பெற்றது. ஆனால், ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், ஆன்டிஆக்சிடன்ட்களில் ஒன்றான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மேலும், உடற்பயிற்சியின்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள், உயிரணு தன் பாதுகாப்பைத் தானே வலுப்படுத்திக்கொள்ளத் தூண்டும் சமிக்ஞைகளாகவும் செயல்படுவதால், அவற்றை அறவே ஒழிப்பது நன்மை என்று கொள்வதற்கில்லை.

நம்பிக்கை 2: டீலோமியரை நீட்டினால் ஆயுளும் நீளும்.

உண்மை: குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் டி.என்.ஏ. பகுதியான டீலோமியர், உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் ஒவ்வொரு பிளவின்போதும் குறுகுகிறது என்பதும், மிகக் குறுகியபின் அவ்வுயிரணு பிளவுறுவதை நிறுத்திவிடுகிறது என்பதும் மெய்யே. எனினும், மனிதரைவிட நீண்ட டீலோமியர்களைக் கொண்ட ஆய்வகச் சுண்டெலிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழ்கின்றன. மேலும், டீலோமியரை நீட்டும் டீலோமரேஸ் என்ற நொதியின் துணையால்தான் பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன.

நம்பிக்கை 3: தள்ளாத வயதில் இழந்த தசைவலிமை திரும்பாது.

உண்மை: வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதைச் சார்க்கோபீனியா என்பர், மூப்பு மட்டுமன்றி, தசைக்கு வேலையே இல்லாமற்போவதும் இதற்குக் காரணமாகும். அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்குக் கால் தசைகளால் எடையை உயர்த்தும் பயிற்சி எட்டு வாரங்கள் மருத்துவக் கண்காணிப்புடன் அளிக்கப்பட்டது. 1990-இல் வெளியான அதன் முடிவின்படி, பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியதோடு, இருவர் கைத்தடியின்றி நடக்கத் தொடங்கினர். பயிற்சி நின்ற நான்கே வாரங்களில் அவ்வலிமை 32 சதவீதம் குறைந்தது என்பதும் அதே ஆய்வு உணர்த்தும் பாடமாகும். ஆகவே, முதியோர்மீது கொண்ட அன்பினால் அவர்களை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்காரவைப்பது அவர்களுக்குத் தீங்காகவே முடியும். மருத்துவரின் அறிவுரைப்படி அவர்களைத் தொடர்ந்து இயங்கச் செய்வதே அவர்களுக்கு ஆற்றும் உண்மையான உதவியாகும்.