பெரிய பால் பாட்டில் வாங்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது, நீயும் வேலைக்குத் திரும்பப் போகிறாய். 125 மில்லி பாட்டில் பத்தவில்லை, 250 மில்லி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். அதற்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நீயே பால் கொடு. பீய்ச்சி வைக்கும் பாலைப் பாலாடையிலோ கிண்ணத்திலோ புகட்ட முடிந்தால் இன்னும் நல்லது. கழுவுவது சுலபம், அழுக்குத் தங்க இடமில்லை. முடியாதபோதுதான் பாட்டில்.

ஒரு வேளை அழுதான் என்பதற்காகப் பெரிய பாட்டிலுக்குத் தாவாதே. பாட்டிலைக் காலி செய்த பிறகும் வாயைத் திறந்து தேடுகிறானா, நாலைந்து நாளாகவே அப்படித்தானா என்று பார். உறிஞ்சிக் களைத்துத் தூங்கிவிடுகிறான், நிப்பிள் உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்றால் குறை பாட்டிலின் அளவில் இல்லை; நிப்பிளின் துளை போதவில்லை.

இதில் நான் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. பால் பவுடர் குடிக்கும் குழந்தைகளைப் பற்றி 2016இல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டாம் மாதத்திலேயே 180 மில்லியும் அதற்கு மேலும் கொள்ளும் பாட்டிலில் குடித்தவர்கள், ஆறாம் மாதத்துக்குள் மற்றவர்களைவிடக் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். பெரிய பாட்டிலைக் கண்டால் நிறைக்கக் கை போகும். அடியில் மிச்சம் இருந்தால் அதையும் புகட்டிவிடத் தோன்றும். குழந்தையின் வயிற்றுக்கு இது தெரியாது.

கடையில் முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார். பி.பி.ஏ. என்ற ரசாயனம் கலக்காதது என்று எழுதியிருக்க வேண்டும். வாய் அகலமாக இருந்தால் பிரஷ் அடிவரை போகும். அளவுக்கோடுகள் அழியாதபடி பதிந்திருக்கட்டும். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையும் இலவசம் காட்டி விற்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே ‘ஆஃபர்’ என்று யார் நீட்டினாலும் வாங்காதே.

நிப்பிளை வீட்டில் சோதித்துப் பார். பால் ஊற்றிக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாகக் கொட்டினால் பிள்ளைக்குப் புரையேறும், கடைவாயில் வழியும்.

250 மில்லி பாட்டில் என்றாலும் முதலில் 90 மில்லி ஊற்று. கேட்டால் மேலும் ஊற்றிக்கொள்ளலாம், தாய்ப்பால் வீணாகாது. பிள்ளையைத் தலை உயர்த்தி மடியில் வைத்து, நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் பாட்டிலைச் சாய். இடையிடையே நிறுத்தி மூச்சுவிடக் கொடு. தலையைத் திருப்பினாலோ உதட்டை மூடினாலோ அத்தோடு விட்டுவிடு. குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

மருத்துவர் சொல்லிப் பால் பவுடர் கொடுக்க நேர்ந்தால், பாட்டிலை மேசையில் வைத்து, குனிந்து கோட்டுக்கு நேராகப் பார்த்துத் தண்ணீரை அள. கையில் பிடித்துப் பார்த்தால் அளவு தப்பும். தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. பவுடர் போட்டதும் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறத்தான் செய்யும். எத்தனை கரண்டி என்பது டப்பாவில் இருக்கும். பாட்டில் பெரிதாயிற்றே என்று தண்ணீரைக் கூட்டாதே. வயிறு நிறையும், சத்து சேராது.

ஒவ்வொரு வேளையும் குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்று. மூடியின் மரைக்குள்ளும் பாட்டிலின் அடி விளிம்பிலும்தான் பால் ஆடை படியும். சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்து, நிப்பிளைப் புறம் திருப்பிக் கழுவி, எல்லாம் மூழ்கும்படி தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடு.

பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு யாரும் நகரக் கூடாது. பால் மூச்சுக்குழலில் போய்விடும். வாயில் பாட்டிலோடு தூங்கவிட்டால் முளைக்கும் பல்லும் சொத்தையாகும். ஒரு வயதை ஒட்டி டம்ளருக்குப் பழக்கு. ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை நிறுத்திவிடு.

நீ வேலைக்குக் கிளம்புமுன் அத்தையிடம் ஒன்றைச் சொல்லி வை: பாட்டில் காலியாக வேண்டியதில்லை, பிள்ளை போதும் என்றால் போதும். இதை அவர்கள் மனதில் வாங்கிக்கொண்டால், பெரிய பாட்டிலைப் பற்றி நீ அஞ்ச வேண்டாம்.

அன்புடன்,
அக்கா