எஞ்சின் மூடியில் ஆயில் கசிகிறதா?



பால் கேனும் தீவன மூட்டையும் சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100, 2015-இல் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினோம். இதில் எஞ்சின் ஆயில் தனி. மூடி வழியாகக் கசிந்து குறைந்தால் எஞ்சினே ஜாம் ஆகிவிடும். அந்தச் செலவுக்குக் கடன்தான் வாங்க வேண்டிவரும்.

நம்ம கோவைப் பக்கம் பம்புசெட்டுக்கு பேக்கிங் போடுவதைப் பார்த்திருப்போம். இதுவும் அதே மாதிரிதான்.

1. எஞ்சின் ஆறியதும் துடைத்து, கசியும் இடத்தைப் பாருங்கள். மூடி வெடித்திருந்தால் புதுசுதான் போடணும்.

2. ஆயிலைச் சட்டியில் வடியுங்கள். வயலிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள்.

3. போல்ட்டுகளின் நீளம் வேறுபடும். அட்டையில் மூடியை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

4. மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கேயே மறுபடி கசியும். மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள்.

5. பழைய பேக்கிங்கைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புதுசு போடுங்கள். பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி ஆயில் வழியை அடைக்கும்.

6. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் மரை போய்விடும்.

வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவு ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

முதல் தடவை மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்வோம். கற்றதை அடுத்த குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்வோம்!