கடைசிக் கொதி அம்மாவுடையது

எனக்கு வேலை சிதம்பரத்தில், அம்மா இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். நடுவே சுமார் 45 கிலோமீட்டர். எண்பதை நெருங்கும் அம்மா, பாடலீஸ்வரர் கோயில் மணி காதில் விழும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். நானும் வற்புறுத்துவதில்லை. கோயிலும் கடைத்தெருவும் ரயில் நிலையமும் நடை தூரத்தில் இருக்க, தெரிந்த முகங்களுக்கு நடுவே வாழ்பவரைப் பெயர்த்துக்கொண்டு வந்து என் மாடி வீட்டில் உட்கார வைத்து என்ன ஆகப்போகிறது? சாப்பாடு ஒன்றுதான் கவலை. ‘ஒத்த ஆளுக்கு என்ன குழம்பு வைக்கிறது’ என்று மோர் சோற்றிலும் பிஸ்கட்டிலும் நாளை ஓட்டிவிடுவார். அதனால் விடுமுறை நாளில் போய், வாரத்துக்கு வேண்டியதைச் செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு வருவது வழக்கமாயிற்று.

இந்த ஏற்பாட்டுக்கு அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. ஐஸ் பெட்டிச் சோறு உடம்புக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. “வடலூர்ல வள்ளலார் மூட்டுன அடுப்பு இன்னும் எரியுது பாப்பா. நம்ம வீட்டு அடுப்பு ஒரு வேளையாவது எரிய வேணாமா?” என்று கேட்டார். 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் மூட்டிய அந்த அடுப்பை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தைப்பூசத்துக்கு அங்கே போய் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர் அம்மா. அவருக்கு அடுப்பு பற்ற வைப்பது வேலை இல்லை, வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

யோசித்துப் பார்த்தபோது வழி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. முழுச் சமையலையும் முடித்து உறைய வைக்க வேண்டாம். முக்கால் பங்கை நான் செய்கிறேன், கடைசிக் கொதியும் தாளிப்பும் அம்மாவுக்கு. வயதானவர்களுக்கு இப்படிச் செய்து வைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர்கள் கையை அடுப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நறுக்குவதும் அரைப்பதும் குக்கர் தூக்குவதும்தான் அவர்களுக்கு முடியாதவை. கடுகு வெடிக்க விடுவதும் உப்புப் பார்ப்பதும் முடியும்.

ருசிக்கும் இதுதான் நல்லது. உறைந்து உருகும்போது முதலில் கெடுவது மணம். தாளித்த கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, மேலே தூவிய கொத்தமல்லி எல்லாம் ஃப்ரீசரில் ஒரு வாரம் இருந்தால் களை இழந்துவிடும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு உருகும்போது நீர் பிரிந்து திரிந்தாற்போல் நிற்கும். தயிர் சேர்த்ததும் அப்படியே. இவற்றையெல்லாம் கடைசியில் அம்மா சேர்த்துக்கொண்டால், எடுத்து வைத்த கூட்டு அன்றைக்குச் செய்த கூட்டாகிவிடும். துருவிய தேங்காயைத் தனியாக உறைய வைத்தால் எளிதில் கெடாது. ஒரு சிறு டப்பாவில் அது எப்போதும் இருக்கும்.

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் முதல் இடம் வெந்த துவரம்பருப்புக்கு. மஞ்சள் பொடியும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுக் குழைய வேகவைத்து, கடைந்து, ஆறியதும் ஐஸ் தட்டுக் குழிகளில் ஊற்றுவேன். மறுநாள் கட்டிகளைத் தட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், அம்மாவுக்கு ரசத்துக்கு இரண்டு கட்டி, சாம்பாருக்கு ஐந்து கட்டி. அளவு அவர் விருப்பம். புளிக்கரைசலையும் இதே போலக் கட்டியாக்கலாம். விரல் மூட்டு வலிக்கும் ஒருவருக்குப் புளி பிசைய வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல் என்பதை அம்மா வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது கீரை கடைசல். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை எதுவானாலும் ஆய்ந்து, வேகவைத்து, கடைந்து ஒருவேளை அளவாக வைத்தால் கொஞ்சமும் மாறாது. கீரை ஆய்வதுதான் வயதானவர்கள் கண் தெரியாமல் முதலில் கைவிடும் வேலை. வேகவைத்த கொண்டைக்கடலையும் காராமணியும் நன்றாகத் தாங்கும். அவற்றைக் கட்டாயம் வைக்கிறேன். தனியாக இருப்பவர்கள் சோற்றைக் குறைக்க மாட்டார்கள், பருப்பையும் பயறையும்தான் விட்டுவிடுவார்கள். தசை கரையும் வயதில் அது கூடாது.

சிதம்பரம் கொத்சு இன்னொரு நல்ல பண்டம். கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளியும் வறுத்து அரைத்த மல்லி மிளகாயும் சேர்த்துக் கொதிக்க வைப்பது. தேங்காய் கிடையாது, மசிந்த காயாக இருப்பதால் உருகினாலும் பதம் கெடாது. இதை மட்டும் என் வீட்டிலேயே செய்து, முதல் நாள் இரவே கல்லாக உறைய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, சிறிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்துப் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும் வரை இளகாது. கோடையில் பண்ருட்டிப் பக்கமிருந்து வரும் பச்சை முந்திரியையும் உரித்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வோம். கூட்டுக்குப் பத்துப் பருப்பு போட்டால் அம்மா ஒரு பிடி கூடச் சாப்பிடுவார்.

உருளைக்கிழங்கை உறைய வைக்காதீர்கள், மணல் மணலாகிவிடும். சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி போன்ற நீர்க்காய்கள் துவண்டுபோகும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். மீன் குழம்பு வைக்கும் வீடுகளில் குழம்பை மட்டும் காய்ச்சி உறைய வைத்துக்கொண்டு, கடலூர் முதுநகர் மீன் கிடைக்கும் அன்று போட்டுக் கொதிக்க விடுவது நல்லது.

கவனம் முழுவதும் வேண்டிய இடம் ஆற வைப்பதில் இருக்கிறது. சமைத்ததைச் சூடாக உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பொருள்களெல்லாம் இளகும். ஆறட்டும் என்று மேடையிலேயே விட்டுவிட்டால், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஐஸ் கட்டியும் போட்டு, குழம்புச் சட்டியை நடுவில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கால் மணியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சோறானால் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். சோற்றில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி விடும் நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. இளவயதில் ஒருநாள் வாந்தியோடு போவது, எண்பதில் மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும்.

டப்பாவில் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், மூடி தூக்கிக்கொள்ளும். ஒரு டப்பா ஒரு வேளைக்கு என்பது கண்டிப்பான கணக்கு, ஏனென்றால் உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. எவர்சில்வர் டப்பா மூடி குளிரில் இறுகி அம்மாவால் திறக்க முடியாது. ஜிப் பையின் வாயைப் பிரிக்கவும் விரலில் பலம் வேண்டும். ஒரு ஓரத்தில் நாக்கு நீட்டிய மூடி உள்ள, உணவுக்கேற்ற பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் சரிப்பட்டன. வாங்கும் முன் கடையிலேயே அம்மா கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன்.

பெயரைப் பெரிய எழுத்தில் காகித டேப்பில் எழுதி, டப்பா குளிர்வதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். வெங்காயம் பூண்டு சேராதவற்றுக்கு மஞ்சள் ரப்பர் பேண்ட். கிருத்திகை அன்று அம்மா தேட வேண்டியதில்லை. அமாவாசைக்கு எந்த டப்பாவும் கிடையாது, அன்று புதிதாகத்தான் சமைப்பார். அந்த நாளை விட்டுத்தான் எங்கள் கணக்கே.

எந்த டப்பாவை எப்போது எடுப்பது என்பதற்குச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி உதவுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் வரப்போகும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ‘ராத்திரி கீரையை இறக்கு’, ‘கொத்சு இறக்கு’ என்று பேனாவால் எழுதிவிடுவேன். காலையில் குளித்து, நேற்றைய தாளைக் கிழித்து, ராசிபலன் படிக்கும்போது அதுவும் கண்ணில் படும். இரவு படுக்கப் போகும்போது அந்த டப்பாவை மேலேயிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பார். மறுநாள் பதினொரு மணிக்கு இளகியிருக்கும். வெளியே மேடையில் வைத்து இளக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் தாளில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எடுப்பார், அந்த உரிமை அவருக்கு உண்டு.

சூடு செய்வதற்கு மைக்ரோவேவ் வாங்கித் தரவில்லை. புதுப் பொத்தான்களைப் பழகுவதைவிடப் பழைய இட்லிக் குண்டானே மேல். இட்லி, இடியாப்பம், வெண்பொங்கல், சோறு எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு ஆவியில் வைத்தால் அடிப்பிடிக்காது, காயாது. குழம்பு வகை சட்டியில் நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஓரம் கொதித்து நடு ஜில்லென்று இருப்பதைச் சூடானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொதித்த பிறகு தாளிப்பு, பிறகு உப்பு. உப்பை நான் பாதிதான் போடுகிறேன். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதில் அப்பளமும் ஊறுகாயும் அடக்கம் என்பதை அம்மாவிடம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ரீசரின் கீழ்த்தட்டு மட்டும் இந்த முறைக்கு விலக்கு. அது முடியாத நாளுக்கு. காய்ச்சல், முழங்கால் வலி, தலைசுற்றல் என்று நிற்கவே முடியாத அன்றைக்குத் தாளித்து முடித்த வெண்பொங்கல், குழைந்த பருப்பு சாதம், நாலு இட்லி. அவற்றில் ஒரு டப்பா குறைந்திருந்தால் அந்த வாரம் ஏதோ ஒருநாள் அம்மாவுக்கு முடியாமல் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். போனில் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். மேல்தட்டு டப்பாக்கள் தொடாமல் இருந்தாலும் அப்படித்தான், ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டாமல் காரணம் தேடுவேன். ஆடும் பல் காரணமாக இருக்கலாம், புதிதாக எழுதிக்கொடுத்த மாத்திரை நாக்கைக் கசக்க வைத்திருக்கலாம். சர்க்கரைக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் வேளை தவறினால் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு, அதனால் இந்தக் கணக்கை நான் விடுவதே இல்லை.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். மைனஸ் 18 டிகிரி இருந்தால்தான் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். பல ஐஸ் பெட்டிகள் அந்தக் குளிருக்கு இறங்குவதில்லை. உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பாருங்கள், இறங்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்தடைக்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. டம்ளரில் தண்ணீர் உறைந்ததும் அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட வேண்டும். நாணயம் மேலேயே இருந்தால் எல்லாம் நலம். உள்ளே புதைந்திருந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, யோசிக்காமல் கொட்டிவிடலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த பெரிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ஐஸ் பெட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

கடலூர்க்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறிய பிறகு பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர் இது. 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் என்று பட்டியல் நீள்கிறது. அதனால் ஐப்பசி பிறந்தால் ஃப்ரீசரில் பாதிக்கு மேல் சமையல் வைப்பதில்லை. மீதி இடத்தில் தண்ணீர் பாட்டில்கள் உறைந்து கிடக்கும், குளிர் தங்குவதற்கு. அலமாரிக்கு வறுத்த ரவை, அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் மிதக்கச் சுண்டக் காய்ச்சிய வத்தக்குழம்பு எல்லாம் வந்துவிடும். மாற்று கேஸ் சிலிண்டர் ஒன்று தயாராக இருக்கும்.

தை பிறந்து பச்சை மொச்சை வந்ததும் மறுபடி ஃப்ரீசரை நிரப்பத் தொடங்குவோம். உரிப்பது அம்மாவின் வேலை, டிவி பார்த்தபடியே முடித்துவிடுவார். நான் அதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் அலசி, துணியில் ஈரம் போக உலர்த்திப் பரப்பி உறைய வைப்பேன். பங்குனி வரை கத்தரிக்காய் மொச்சைக் காரக்குழம்புக்கு ஆகும்.