சுக்கிரன் மேல் விழுந்த சந்தேகம்

இலஞ்சி

சிரஞ்சீவி குமாரசாமிக்குத் தாத்தா எழுதிக்கொள்வது.

விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் அந்தியில் குளக்கரையில் நின்று, குற்றால மலை முகட்டுக்கு மேலே தகதகத்த வெளிச்சம் ஒன்றைப் பறக்கும் தட்டுதான் என்று சாதித்த நீ, பட்டாளத்தாரிடம் சொன்னால் விசாரிக்கமாட்டார்களா என்று கேட்டாய். அதற்குள் சாரல் பிடித்துக்கொண்டு நம்மை வீட்டுக்கு விரட்டிவிட்டது.

விசாரிப்பார்கள். அமெரிக்க விமானப்படை 'புளூ புக்' என்ற பெயரில் 1952 முதல் 1969 வரை இதையே ஓர் உத்தியோகமாக நடத்தி, 1947 தொட்டுச் சாமானியரும் விமானிகளும் கண்டதாகச் சொன்ன 12,618 சங்கதிகளில் 701 நீங்கலாக மற்றவற்றுக்குக் காரணம் சொன்னது. அந்த 701-ஐ வேற்றுலக வாகனங்களென்று கொண்டாடுவோர் உண்டு. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. நம் தேசத்திலும் 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தென்பட்டதென்று போக்குவரத்தை நிறுத்தி, ரஃபேல் விமானங்களை அனுப்பித் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

எனக்குப் பிரியமானது லடாக் விவகாரம். அங்கே கண்டவர்கள் உன்னைப் போன்ற பொதுஜனங்கள் அல்லர், எல்லைக் காவலிலிருந்த சிப்பாய்களே. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை ஓர் ஏரிக்கு மேலே 329 தடவை மர்ம ஒளிகளைக் கண்டு, அவற்றில் 155 எல்லை மீறி வந்த சீனத்து உளவு விமானங்களென்று கருதிய ராணுவத்தார், கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தாரை நாடினார்கள். (நம் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் வம்சம் அது.) வந்தது யாருடைய விமானம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டிருக்க, பொருள் வானத்துடையதா பூமியுடையதா என்பதிலிருந்து தொடங்கிய வானியலார் கண்ட முடிவு: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. ஜோசியர்கள் சுபக் கிரகங்களென்று போற்றும் குருவும் சுக்கிரனும் எல்லையில் உளவாளிகளாகிவிட்டார்கள்!

சிப்பாய்களைப் பரிகசிக்க எனக்குச் சம்மதமில்லை. உயர்ந்த மலையின் மெல்லிய காற்றில் கிரகங்கள் அபார ஜோதியுடன் விளங்கும். சத்துருவை எதிர்பார்த்தே விழித்திருக்கும் கண் அதை வேறெப்படிப் பார்க்கும்? மேலும், 329 என்று எண்ணிச் சொல்லும்படி அவர்கள் குறித்து வைத்தார்களே. நீயும் நானும் அன்றைக்கு மணி பார்க்கக்கூட இல்லை.

நீ ஊருக்குப் போன மறுநாள் வானம் வெளித்திருந்தது. அதே இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, அந்த வெளிச்சத்தை ஒரு தென்னை மட்டையின் நுனிக்கு நேராக வைத்துக்கொண்டேன். பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. ஆகவே கிரகமானால் நாலு நிமிஷத்துக்கு ஒரு சுண்டுவிரல் சரியவேண்டும். சரிந்தது. மட்டையை விட்டு இறங்கி, ஆச்சி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்ட பிறகு, முகட்டில் ஒரு மரத்துக்குள் புகுந்து மறைந்தபோது மணி எட்டு இருபத்திரண்டு.

உங்கள் வீட்டிலிருந்து மலை தெரியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு போதும். இரண்டு நாள் பார்த்து, மணியைப் போட்டு எழுது.

இப்படிக்கு,
தாத்தா