பேத்தியின் சைக்கிள்

செஞ்சி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று உன் அம்மா போனில் அழுதாள். நாற்பத்தெட்டு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறாயாம். நானும் போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எனக்குச் சர்க்கரை அறுபத்தொரு வயதில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியே கதி என்று கிடந்தவன் நான். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். அந்த வருடம் கல்யாண மகாலோடு நின்றுவிட்டேன். ராஜகிரி மலைப் படிகளைப் பார்த்ததுமே முழங்கால் வலித்தது. "நீங்க போய்ட்டு வாங்க" என்று நெற்களஞ்சிய நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

பேத்திக்குப் பதினோராம் வகுப்பில் கொடுத்த அரசு சைக்கிள் திண்ணையோரம் நிற்கும். ஒருநாள் காலை, "பால் சொசைட்டிக்கு இதுல போய்ட்டு வாங்க தாத்தா" என்றாள். முப்பது வருடம் பைக்கில் போனவனுக்குக் கைப்பிடி ஆடியது. அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்படி ஓடியவன் நான். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று மிதித்தேன்.

பிறகு பால் வாங்குவது என் வேலையாகிவிட்டது. சனிக்கிழமைகளில் சிங்கவரம் கோயில். கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு, படியேறிப் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு வருடத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மாத்திரையை டாக்டர்தான் குறைத்தார். நானாக ஒன்றையும் நிறுத்தவில்லை. நீயும் நிறுத்தாதே.

இதில் மாயமில்லை. தொடைத் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. உடம்புப் பாரத்தை சீட் தாங்குவதால் முழங்கால் பிழைக்கிறது. வயதும் சாக்கு இல்லை. பிரான்சில் ராபர்ட் மார்சாண்ட் என்பவர் 2017-ல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.5 கிலோமீட்டர் ஓட்டினார். 101 வயதில் இருந்ததைவிட 103 வயதில் அவர் உடம்பு ஆக்சிஜனை அதிகமாக எடுத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நீ பின்பற்ற வேண்டியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது கூலி வேலைக்கும் குவாரிக்கும் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். உடற்பயிற்சிக்காக அல்ல, தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைக் கூட்டிவர. நான் கண்டதும் இதுதான்: உடம்புக்காக மட்டும் செய்கிற பயிற்சி பதினைந்து நாளில் நின்றுவிடும். நீ பால் வாங்கப் போகாவிட்டால் வீட்டில் காபி இல்லை என்றால் எழுந்துவிடுவாய்.

அதனால் விலை உயர்ந்த கியர் சைக்கிள் வாங்காதே. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் போதும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் மிதி. பெடல் கீழே போகும்போது கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை உயர்த்திக்கொள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். மாத்திரை போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நெஞ்சு அடைத்தால் அங்கேயே நிறுத்து. எலும்பு உறுதிக்கு சைக்கிள் போதாது, நடக்கவும் வேண்டும். பஸ் பறக்கும் மெயின் ரோடு வேண்டாம், ஊர்ப் பாதையே நல்லது.

2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வாரம், பேத்தியோடு ராஜகிரி ஏறினேன். நாலு இடத்தில் உட்கார்ந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. உச்சியில் நின்று, நம் தெரு எது என்று அவளுக்குக் காட்டினேன்.

பொங்கலுக்கு வா. சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைக்கிறேன். கேரியரைப் பிடிக்க உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் மாமா